கேண்டீன் வாசலில் கழற்றிய ஷூக்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியலில் தூறல். எட்டு மணிக்கெல்லாம் புழுக்கம். திருநின்றவூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டி வண்டி. முதல் வண்டியில் நிற்க இடமில்லை. இரண்டாவதில் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஊர் முழுக்க சென்னைக்குப் போகிறது, நான் எதிர்த்திசை.

வேலை: ஒரு தொழிற்சாலை எப்படிப் பொருள் வாங்குகிறது என்று மாத இதழுக்கு ஒரு நீண்ட கட்டுரை. ஆசிரியர் சொன்னது, "யார்கிட்டயும் பேட்டி எடுக்காதீங்க. உட்கார்ந்து பாருங்க." ஒரு வாரம் அனுமதி வாங்கியாயிற்று. தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலை. பெயர் எழுத மாட்டேன் என்று வாக்கு.

கொள்முதல் பிரிவின் தலைவர் சஃபியா. நாற்பதைத் தாண்டியவர். சொந்த ஊர் பழவேற்காடு; அப்பாவுக்கு வலை, கயிறு, மண்ணெண்ணெய் வியாபாரம். அறையில் நாலு மேசை, ஒரு ஏ.சி., ஓயாத போன். அவர் வாங்குவதில் இன்று காதில் விழுந்தவை மட்டும்: பழைய இரும்பு, உருளைகள், கிரீஸ், கையுறை, டீத்தூள், பினாயில், லாரிக்குத் தார்ப்பாய், முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு. பஞ்சுக்கும் பழைய இரும்புக்கும் ஒரே குரல், ஒரே பொறுமை.

மதியம் ஆலைக்குள். எத்தனையோ ஆலை பார்த்தாயிற்று, இருந்தும் வாயடைத்து நின்றேன். உலையிலிருந்து சிவந்த இரும்புக் கட்டை வெளியே வருகிறது. முதல் ஜோடி உருளைக்குள் நுழைகிறது. மறுபக்கம் வரும்போது மெலிந்து, நீண்டு, வேகமெடுத்து, அடுத்த ஜோடி, அடுத்தது. கடைசியில் ஒரு சிவப்புக் கோடுதான் ஓடுகிறது. சத்தம் காதில் கேட்கவில்லை, விலாவில் கேட்டது.

அந்தக் கோடு சில சமயம் பாதை தவறும். தவறினால் இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிட ஓர் ஆள். அந்த இடத்து ஆள் ஏழுமலை, போன மாதம் முதல் வீட்டில். சூடான இரும்பின் மேல் பொருக்கு உரியும். அதில் ஒரு துண்டு தெறித்து ஷூவுக்குள் விழுந்து குதிகால் வெந்துவிட்டது. அடுத்த திங்கள் வேலைக்குத் திரும்புகிறார்.

சஃபியாவின் மேசையில் இப்போது இருப்பதும் ஷூதான். ஆலை முழுவதற்கும் ஒரு வருட ஷூ. மூன்று கம்பெனி விலை கொடுத்திருக்கிறது. மூன்றும் ஆலை கேட்ட அம்சங்களுக்குப் பொருந்துகின்றன. விதி: பொருந்துகிறவற்றில் விலை குறைந்ததற்கே ஆர்டர். இந்த வெள்ளிக்கிழமைக்குள் சஃபியா கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் போடவில்லை.

"கையெழுத்து ஒரு நிமிஷ வேல சார். ஆனா அந்த ஆள் கால்ல ஷூ இருந்துச்சு. இருந்தும் வெந்துச்சு. ஏன்னு தெரியாம அதே ஷூவ இன்னும் கம்மி ரேட்ல வாங்கினா, நான் இன்னா வாங்கினேன்?"

வரும்போது ரயிலில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வெந்தயம் வாங்க மறந்தாயிற்று.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். கோயில் ஒலிபெருக்கி ஸ்டேஷன் வரை, ஆடிக் கூழ்.

ஸ்டோர் கட்டடத்துக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து ஷூக்கள். புதியவை வாங்க ஆட்கள் திருப்பிக் கொடுத்த பழையவை. வழக்கமாகக் குப்பைக்குப் போகும்; ஏழுமலைக்கு அடிபட்ட நாளிலிருந்து சஃபியா நிறுத்தி வைத்திருக்கிறார். சாக்கு சாக்காகக் கொட்டினார்கள். நாற்றம். காக்கை.

சஃபியா துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தார். நானும் உட்கார்ந்தேன். அடிப்பாகம் தேயவில்லை. முன்பக்க இரும்புத் தொப்பி நசுங்கவில்லை. தையல் பிரியவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் பின்பக்கம், குதிகாலை மூட வேண்டிய சுவர், உள்பக்கமாக மடிந்து தட்டையாகக் கிடந்தது. ஷூ அல்ல, செருப்பு.

அவற்றுள் அந்த மூன்று கம்பெனிகளின் ஷூக்களும். போன வருடம் வாங்கிய விலை கூடியதும் இருந்தது. எல்லாம் ஒரே சாவு.

ஏழுமலையுடைய ஷூவைத் தனியாக ஒரு பையில் வைத்திருந்தார்கள். அதுவும் அப்படியே. பொருக்கு எந்த வழியாக நுழைந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குவியலில் சில மட்டும் பின்பக்கம் நிமிர்ந்து, ஏறக்குறையப் புதிதாக இருந்தன. உள்ளே எழுதிய பெயர்களைப் பார்த்தோம். சூப்பர்வைசர்கள். ஒவ்வொரு வருடமும் மாதிரி ஷூவைப் போட்டுப் பார்த்து "நல்லா இருக்கு" என்று எழுதிக் கொடுப்பதும் இவர்கள்தானாம். சஃபியா அவற்றை மட்டும் ஓர் ஓரமாக அடுக்கினார்.

கணக்குப் பிரிவுத் தலைவர் சீனிவாசன் வந்து எட்டிப் பார்த்தார். பள்ளிப்பட்டுக்காரர், ஓய்வுக்குக் கிட்டே இருப்பவர். ஷூவில் குறை இல்லை, ஆட்களின் முரட்டுத்தனம் என்பது அவர் கட்சி. "சம்பள டப்புல கை வெச்சா தானா நேரா போடுவானுங்க. மிதிச்சவனுக்கு ஃபைன் போடும்மா. எல்லாரும் மாமியார் ஊட்டுக்கு வந்த மாப்ள மாரி தேச்சுக்கினு நடக்கறானுங்க."

சஃபியா சிரித்துவிட்டுச் சொன்னது: "ஒருத்தன் மிதிச்சா முரட்டுத்தனம் சார். இத்தினி பேரும் மிதிச்சா வேற ஏதோ."

எனக்குத் தோன்றியது: இத்தனை வருடம் இந்த ஆலை ஷூவுக்குக் கொடுத்ததெல்லாம் முன்பாதிக்கு மட்டும். பின்பாதியை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் போட்டதில்லை.


ஆகஸ்ட் 6, புதன்

மேகமூட்டம். முழங்கால் வலி, பழையது.

ஏழுமலை வீட்டுக்கு சஃபியாவோடு. அத்திப்பட்டுப் பக்கம், தெருமுனையிலிருந்தே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி. சாத்துக்குடி வாங்கிக்கொண்டார். வழியிலும் வேலைதான். போனில் இரண்டு பேரிடம் கிரீஸ் டின் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

சஃபியா செருப்பை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வாசலில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூ கயிற்றோடு போராட்டம். முடிச்சு இறுகிவிட்டது. முழங்கால் வேறு.

உள்ளே கட்டிலில் காலை நீட்டியபடி ஏழுமலை. ஒல்லி, கருத்த உடம்பு, வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்துச் சொன்னார்: "பொறுமையா வா சார். நீ அந்தக் கயித்த அவுத்துனு வர்றதுக்குள்ள இங்க டீதான் ஆறும். நம்ம கேண்டீன்லன்னா சோறே தீந்துடும்."

அவர் மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும். சஃபியா சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கேண்டீனில் அவர் எப்படிக் கழற்றுவார் என்று கேட்டார்.

"எங்க மேடம் அவுக்கறது. பின்னால மிதிச்சினு வுட வேண்டியதுதான். நாஷ்டாக்கு ஒரு வாட்டி, டீக்கு ஒரு வாட்டி, சோத்துக்கு ஒரு வாட்டி, மறுக்கா டீ. எத்தினி வாட்டி குனியறது? குனிஞ்சா பேஜாரு, பின்னால நிக்கறவன் இடிப்பான்."

கழற்றாமல் உள்ளே போனால் என்ன என்று நான் கேட்டேன். கேள்வியே புரியாதவர்போல் பார்த்தார். "சாப்பட்ற எடம் சார்."

ஆலைக்குத் திரும்பினோம். மீஞ்சூர் தாண்டிய பிறகு சஃபியா சொன்னது ஒரு வரி. "சார், நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து ஒரு நாள்கூட அந்த கேண்டீன்ல சாப்ட்டதில்ல. டப்பா எடுத்துனு வந்து மேசையிலயே."

சூப்பர்வைசர்களும் அப்படித்தான். டீ மேசைக்கே போகிறது.


ஆகஸ்ட் 7, வியாழன்

காலை மழை, மதியம் ஆவி.

சங்கு ஊதுமுன்பே கேண்டீனுக்கு எதிரே வேப்பமரத்தடி பெஞ்சில் இடம் பிடித்தோம். வாசல் நிலைக்கு மேல் ஒரே சட்டத்துக்குள் மூன்று படம்: அம்மன், மெக்கா, மாதா. கீழே எந்தப் போர்டும் இல்லை. இங்கே கழற்று என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

சங்கு. வந்தார்கள். எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது. ஒருவரும் குனியவில்லை. ஒருவரும் நிற்கவில்லை. நடக்கிற நடையிலேயே குதிகால் எழும்பி, ஷூ பின்னால் தங்கி, வெறுங்கால் படியில் ஏறுகிறது. ஆற்றில் இறங்குவதுபோல் அவ்வளவு சரளம். ஒடிசா ஆட்கள், பீகார் ஆட்கள், எளாவூர் ஆட்கள், எல்லாரும் ஒரே மாதிரி. கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்க ஷூ. உள்ளே துடைத்த தரை, வரிசையாக இலை, சாம்பார் வாசனை, சத்தமே இல்லை. இத்தனை நெருப்புக்கும் இடிக்கும் நடுவே இவர்கள் ஒரு வீட்டைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலைதான் அந்த மடிந்த குதிகால்.

முன்பிருந்த ஒரு மேனேஜர் "ஷூவுடன் உள்ளே வரலாம்" என்று போர்டு வைத்தாராம். போர்டின் கீழேயே கழற்றிவிட்டுப் போனார்களாம். கேண்டீன்காரர் சொன்னது.

நான் கேட்டேன்: கேண்டீனுக்கு மட்டும் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டால்? சஃபியா: "அதையும் வாசல்ல வுட்டுட்டுதான் போவாங்க சார். ஆள மாத்த முடியாது. மாத்தவும் கூடாது. நாம கேட்ட ஷூதான் தப்பு."

ஆலை கேட்ட அம்சங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினார். ஆலை தொடங்கிய காலத்தில் வேறு ஊர்த் தொழிற்சாலை ஒன்றின் தாளைப் பார்த்து எழுதியது. அங்கே ஷூவோடு மேசையில் சாப்பிடுகிறார்கள் போலும். "கயிறு கட்டும் வகை" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால்தான் மூன்று கம்பெனியும் கயிறு ஷூவுக்கே விலை கொடுத்திருக்கின்றன. கயிறு இல்லாதது பொருந்தாதது.

ஆம்பூர் ஏஜெண்டுக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார். கயிறு வேண்டாம், பக்கத்தில் இழுபடும் பட்டை வேண்டும், பின்பக்கம் மிதித்தாலும் எழுந்து நிற்கிற கெட்டிச் சுவர் வேண்டும் என்றார். ஏஜெண்டு: அது இரும்பை உருக்கி ஊற்றுகிற வார்ப்படப் பட்டறைக்குச் செய்வது மேடம், உள்ளே நெருப்பு விழுந்தால் ஒரே உதறலில் காலை விட்டுப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அதில் கயிறே வைப்பதில்லை. விலை ஒன்றரை மடங்கு. கையில் கொஞ்சம் இருக்கிறது. "உங்க பக்கம் யாரும் கேட்டதில்லயே மேடம்."

அரை மணி நேரம் அவரைக் குடைந்தார். தோல் எந்த ஊர், பட்டை எந்த ஊர், அடிப்பாகத்து ரப்பர் சூட்டில் இளகுமா, இளகினால் எவ்வளவு நேரத்தில், கிழிந்தால் பட்டை மட்டும் மாற்றித் தருவீர்களா, மழைக்காலத்தில் லாரி தாமதமானால் கையில் எவ்வளவு வைத்திருப்பீர்கள். போனில் ஒரு மாட்டுத்தோல் ஆம்பூரிலிருந்து கிளம்பி இந்தப் படிக்கட்டு வரை நடந்து வருவதைக் கண்ணால் பார்த்தேன். அவர் ஓரிடத்திலும் "குறைத்துக் கொடுங்க" என்று கேட்கவில்லை. நான் ஏன் என்றதற்கு, அது கடைசிக் கேள்வி, இன்னும் அதற்கு நேரம் வரவில்லை என்றார்.

மலிவு பில்லில் தெரியும், பெறுமானம் தெரிய வாசலில் உட்கார வேண்டும். — கட்டுரையில் இந்த வரி வேண்டாம். மிடுக்காக இருக்கிறது.


ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. ரயிலில் மல்லிப்பூ வாசனை. வியர்வையும்.

எம்.டி. அறையில் கூட்டம். எம்.டி., சீனிவாசன், சஃபியா. மூலையில் நான், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

சீனிவாசனை வில்லனாக எழுதிவிடக் கூடாது. அவர் சொன்னதில் நியாயம். முன்பு ஒரு கொள்முதல்காரர், விலை கூடினாலும் தரம் தரம் என்று சொல்லிச் சொல்லி மச்சானிடமே எல்லாவற்றையும் வாங்கினார். அதற்குப் பிறகு வந்த விதி இது. "உன் மேல சந்தேகம் இல்லம்மா. இன்னிக்கி உனக்காக வளைச்சா, நாளைக்கி இந்த நாற்காலிக்கு வர்றவனுக்கும் வளையும்."

சஃபியா விதியை வளைக்கச் சொல்லவில்லை. இதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மூன்று விலையையும் ரத்து செய்யுங்கள், கேட்பதை மாற்றி எழுதுகிறேன், மறுபடி எல்லாரிடமும் விலை கேட்போம், அதில் குறைந்தவருக்கே கொடுப்போம் என்றார். விதி அப்படியே இருக்கும்; கேள்விதான் மாறும். பையிலிருந்து இரண்டு பழைய ஷூக்களை எடுத்து எம்.டி. மேசையின் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்று மலிவானது, ஒன்று விலை கூடியது. இரண்டுக்கும் ஒரே மடிப்பு.

எம்.டி. ஒரே ஒரு கேள்வி. "புதுசும் இப்படி மடிஞ்சா?"

"மடிஞ்சா நான் இன்னும் சரியா பாக்கலன்னு அர்த்தம் சார். மறுபடி போய் உட்காருவேன்."

ஆனால் மறுபடி விலை கேட்டு வாங்க வாரக்கணக்காகும். ஏழுமலை திங்கள் வருகிறார். அந்தக் காலுக்கு என்ன ஷூ? கேட்டது சஃபியாவேதான். முதல் தடவையாகக் குரல் இறங்கியது. கொஞ்சம் தள்ளி வரச் சொல்லலாமா என்றார் எம்.டி. வீட்டில் இருந்தால் ஓவர்டைம் போகும், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார் சஃபியா.

வழி சொன்னது சீனிவாசன். சோதனைக்காகச் சின்ன அளவில் வாங்குவதற்கு விலைப் போட்டி தேவையில்லை என்று அதே விதியில் இடம் உண்டாம். அவரே எழுதியது. "உருளைகிட்ட நிக்கற உருட்டு செட்டு ஆளுங்களுக்கு மட்டும் வாங்கு. ஆனா சோதனைன்னா சோதனையா இருக்கணும். சூப்பர்வைசர் போட்டுப் பாத்து எழுதினா நான் ஒத்துக்க மாட்டேன்."

சஃபியா எழுந்து நின்று நன்றி சொன்னார். சீனிவாசன் ஷூக்களைக் காட்டி, மேசையைத் துடைக்கச் சொல்லும்மா என்றார்.

சாயங்காலம் உருட்டு செட்டு ஆட்களை வரிசையாக நிறுத்தி அட்டையில் கால் அளவு. ஏழுமலைக்கு மட்டும் ஓர் அளவு பெரிதாக, கட்டுக்கு இடம் விட்டு. பழைய மூன்று கம்பெனிக்கும் சஃபியா தானே போன் செய்து ரத்தானதைச் சொன்னார். ஒருவர் நிறையப் பேசினார். முழுக்கக் கேட்டுவிட்டு, புதுசுக்கும் விலை கொடுங்க என்றார்.


ஆகஸ்ட் 11, திங்கள்

சனி, ஞாயிறு எழுதவில்லை. காய்ச்சல் மாதிரி. இன்று போகாமல் இருக்க முடியவில்லை.

ஏழுமலையுடைய ஜோடி மட்டும் சனியன்றே பார்சலில் வந்துவிட்டதாம்; செட்டின் மற்ற ஜோடிகள் இன்னும் வரவில்லை. காலையில் ஏழுமலை ஆஜர். கால் சற்று இழுப்பு. பெட்டியிலிருந்து புதுசை எடுத்து முகர்ந்து பார்த்தார். மாட்டினார். சுற்றி நின்றவர்கள் விடவில்லை. "இன்னா நைனா, பொண்ணு பாக்கப் போறியா?" "மேடம், இவனுக்கு மட்டும் வெயில் கண்ணாடியும் குடுங்க." அவர் இடுக்கியை எடுத்துக்கொண்டு போனார்.

முற்பகல் முழுக்க தூரத்திலிருந்து பார்த்தேன். சிவப்புக் கோடு ஒரு தடவை எகிறியது. ஏழுமலை ஓர் அடி பின்வாங்கி, பிடித்து, திருப்பிவிட்டார். கால் மேல் பொறி விழுந்து சிதறியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

மதியச் சங்கு. வேப்பமரத்தடி பெஞ்சில் சஃபியாவும் நானும். டீ குடிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு சீனிவாசனும்.

ஏழுமலை வந்தார். நடையிலேயே குதிகாலைத் தூக்கினார். ஷூ வரவில்லை. நின்றார். சஃபியா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஏழுமலை பழக்கத்தில் பின்சுவரை மற்றக் காலால் மிதித்தார். அது மடிந்தது, பட்டை இழுபட்டது, கால் வெளியே. மிதித்த காலை எடுத்ததும் சுவர் தானாக எழுந்து நின்றது. இன்னொன்றும் அப்படியே. அவர் உள்ளே போய்விட்டார். தட்டையான ஷூக்களுக்கு நடுவே ஒரு ஜோடி நிமிர்ந்து நின்றது.

சஃபியா பெஞ்சின் விளிம்பை விட்டார். நான் என்னையறியாமல் எழுந்து நின்றிருந்தேன். ஒரு ஷூவைப் பார்த்து இப்படி ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு நடந்தது. சாப்பிட்டு வெளியே வந்த லோடிங் பிரிவு ஆள் ஒருவர் அந்த ஜோடியைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் காலை விட்டார். ஓர் அளவு பெரிது, யார் காலுக்கும் நுழையும். நாலு எட்டு நடந்து, மிதித்து, கழற்றி, எழுந்து நிற்பதைப் பார்த்து, அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்தவர் வேப்பமரம் வரை வந்து திரும்பினார். மூன்றாமவர் எடை மேடை வரை போனார். திரும்பவில்லை. அங்கே லாரி வந்துவிட்டது போலிருக்கிறது.

சங்கு.

ஏழுமலை ஈரக் கையைத் தோளில் கிடந்த லுங்கித் துணியில் துடைத்தபடி வாசலுக்கு வந்து கீழே பார்த்தார்.

"எவன்டா என் ஷூவ மாட்டினு போனவன்?"

எடை மேடையிலிருந்து பதில்: "இருண்ணா, இந்த வண்டிய அனுப்சிட்டு வரேன்."

அவர் வெறுங்காலோடு படி இறங்கப் போனார். சஃபியா ஓடிப் போய்க் குறுக்கே நின்றார். "ஷூ வர்ற வரைக்கும் நீங்க இங்கருந்து நகரக் கூடாது ஏழுமலை." பக்கத்தில் கிடந்த பழசு ஒன்றை அவர் கால் தேடியது. சஃபியா அதைக் காலாலேயே தள்ளிவிட்டார்.

இடுக்கி ஆள் இடத்தில் இல்லாமல் உலைக் கதவைத் திறக்க மாட்டார்கள். செட்டு மொத்தமும் போய் நின்றுகொண்டிருந்தது. உருளைகள் சும்மா சுற்றும் ஓசை இங்கே வரை கேட்டது. சீனிவாசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எடை மேடையைப் பார்த்தார், மறுபடி கடிகாரம். டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"சஃபியாம்மா, புது விலை கேக்கற மெயில இன்னிக்கே அனுப்பு. அது முடியற வரைக்கும் சோதனையில லோடிங் ஆளுங்களையும் சேத்துக்கோ."